எத்தனை இன்ச் என்று கேட்காதீர்கள்

டெலஸ்கோப் வைத்திருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, “எத்தனை இன்ச்?” ஆறு இன்ச் என்று சொன்னதும் முகம் லேசாகச் சுருங்கும். “நிலாவும் சனியும் நல்லாத் தெரியும் சார். நெபுலா எல்லாம் கஷ்டம்” என்று ஆறுதலும் சொல்வார்கள். பத்து இன்ச் என்று பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மரியாதை உடனே கூடுகிறது.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. வாய் அகலமானால் வெளிச்சம் அதிகம். வெளிச்சம் அதிகமானால் நெபுலா பளிச்சென்று தெரியும். இந்தக் கணக்கோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வரும். செல்போன் ஆப்பில் ஒவ்வொரு நெபுலாவுக்கும் பக்கத்தில் ஒரு மேக்னிட்யூட் எண் இருக்கிறதல்லவா, எண் சிறியதாக இருந்தால் சுலபமாகத் தெரியும், பெரியதாக இருந்தால் தெரியாது என்பது. இரண்டையும் நம்பி ஏமாந்தவர்கள் கடைசியில் மூன்றாவது முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்: மங்கல் நெபுலாவைக் கண்ணால் பார்த்தேன், இவ்வளவு பிரகாசம் இருந்தது என்று சொல்வதெல்லாம் மனப்பிரமை, கேமராவை மாட்டு.

மூன்றும் தவறு என்கிறேன். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நெபுலாவை விளக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

அது விளக்கு அல்ல, கோலம். சாணம் தெளித்த வாசலில் ஒரு பிடி மாவில் போட்ட கோலம் தெருமுனையில் நின்றாலும் தெரியும். அதே ஒரு பிடி மாவை வெள்ளை டைல்ஸ் மேல் போட்டுப் பாருங்கள், காலால் மிதித்த பிறகுதான் கோலம் இருந்ததே தெரியவரும். மாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தரைதான் மாறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு பிடி மாவில் சின்னதாக நாலு புள்ளிக் கோலம் போட்டால் கோடு கெட்டியாக விழும். அதையே தெரு முழுக்க இழுத்தால் கோடு இருக்கிற இடமே தெரியாது.

ஆப் தருகிற எண் மாவின் மொத்த எடை. எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது, எந்தத் தரையில் கிடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

புரட்டாசி முன்னிரவில் இதை நேராகவே சோதிக்கலாம். வடமேற்கில் யாழ் மண்டலத்தில் எம்57 என்ற வளைய நெபுலா. மேக்னிட்யூட் சுமார் 8.8. தென்கிழக்கில் கும்பத்தில் ஹீலிக்ஸ் நெபுலா. மேக்னிட்யூட் சுமார் 7.5. எண்ணை நம்பினால் ஹீலிக்ஸ்தான் மும்மடங்கு பிரகாசம். எங்கள் மாடியிலிருந்து எம்57, புகைவளையம் விட்டதுபோல, வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது. ஹீலிக்ஸைத் தேடி நான் தோற்ற இரவுகளுக்குக் கணக்கில்லை. காரணம் பரப்பு. எம்57 ஒன்றேகால் ஆர்க்மினிட்டில் அடங்கிவிடும். ஹீலிக்ஸின் பிரகாசமான பகுதி மட்டுமே 16-க்கு 12 ஆர்க்மினிட் விரிகிறது. மும்மடங்கு மாவைச் சுமார் 130 மடங்கு இடத்தில் தூவியிருக்கிறது. சமமான ஒரு சதுரத்தை இரண்டிலும் வெட்டி எடுத்துப் பார்த்தால் ஹீலிக்ஸின் துண்டு எம்57-இன் துண்டில் நாற்பதில் ஒரு பங்குதான் ஒளிரும்.

இனி தரை. நல்ல இருட்டு வானத்துக்கும் வெளிச்சம் உண்டு. ஒரு சதுர ஆர்க்செகண்டுக்குச் சுமார் 22 மேக்னிட்யூட். ஹீலிக்ஸின் பரப்பொளியும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே இருட்டான இடத்தில் நெபுலா இருக்கும் பகுதி, பக்கத்து வானத்தைவிட இரு மடங்கு வெளிச்சமாக நிற்கும். விளக்குகள் நிறைந்த ஊரின் வானம் 19 என்று வைத்துக்கொண்டால், அது 16 மடங்கு கூடுதல் வெளிச்சம். அங்கே நெபுலா கூட்டுவது 16-இல் ஒரு பங்கு, ஆறு சதவீதம். டைல்ஸ் மேல் கோலம். ஜவ்வாது மலைப் பக்கம் போனபோது இதே ஹீலிக்ஸ் 10×50 பைனாகுலரில் சாம்பல் வட்டமாகத் தெரிந்தது. இரண்டு இன்ச் பைனாகுலருக்குத் தெரிந்தது ஆறு இன்ச் டெலஸ்கோப்புக்குத் தெரியவில்லை என்றால் இன்ச்சைக் கேட்டு என்ன பயன்?

“அப்ப பத்து இன்ச் இருந்தா ஊர்லயே தெரியுமே” என்பது அடுத்து வருகிற வாதம். நட்சத்திரத்துக்கு அது சரி. நட்சத்திரம் புள்ளி, எவ்வளவு ஒளி சேர்த்தாலும் புள்ளிக்குள்ளேயே விழும். பரப்புள்ள பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த டெலஸ்கோப்பும், காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உட்பட, ஒரு நெபுலாவின் பரப்பை வெறுங்கண்ணுக்கு இருப்பதைவிட வெளிச்சமாகக் கண்ணுக்குக் காட்ட முடியாது. உருவத்தைப் பெரிதாக்கும்போது ஒளியும் சேர்ந்து பரவுகிறது. என் ஆறு இன்ச்சில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு பெரிதாகும். ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை மூன்று மி.மீ. சொச்சம். இருளில் விரிந்த கண்மணி ஆறு மி.மீ. என்றால், நெபுலாவின் பரப்பொளி வெறுங்கண்ணில் இருப்பதில் கால் பங்குதான். டெலஸ்கோப் அதை மங்கலாக்கியிருக்கிறது! ஆனால் வானத்தையும் அதே அளவுக்கு மங்கலாக்கியிருக்கிறது. பத்து இன்ச்சில் அதே 48 மடங்கு வைத்தால் நெபுலா இரண்டே முக்கால் மடங்கு வெளிச்சமாகும், வானமும் இரண்டே முக்கால் மடங்கு வெளிச்சமாகும். ஆறு சதவீதம் ஆறு சதவீதமாகவே இருக்கும்.

பிறகு டெலஸ்கோப் எதற்கு? கோலத்தைப் பெரிதாகக் காட்டுவதற்கு. மங்கிய ஒளியில் நம் கண் சிறிய கறையைத் தவறவிடும், அதே கறையைப் பெரிதாக்கிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளாக்வெல் போர்க்காலத்தில் நடத்தி 1946-ல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் அளந்தன: பின்னணி இருளாக இருக்கும்போது ஒரு பொருள் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு குறைந்த ஒளி வேறுபாட்டிலும் கண்ணுக்கு அகப்படும். பத்து இன்ச்சின் லாபம் இங்கேதான். அதே வெளிச்சத்தோடு கூடுதலாகப் பெரிதாக்க முடியும். லாபத்தை நான் மறுக்கவில்லை. கிடைத்தால் நானும் வாங்குவேன். நெபுலா ‘பிரகாசமாகும்’ என்று சொல்லி விற்பதைத்தான் மறுக்கிறேன்.

சரி, பெரிதாக்கிக்கொண்டே போகலாமா? இதற்குப் பதில் நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பெயரளவில் தெரிந்த ஒரு மீன்கூட்டத்தில் இருக்கிறது: கார்த்திகை. 1859 அக்டோபர் 19 அன்று வெனிஸ் நகரத்தில் வில்ஹெல்ம் டெம்பல் என்பவர் நான்கு இன்ச் தொலைநோக்கியில் கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் போகாதவர், பிழைப்புக்குக் கல்லச்சுப் படம் வரைகிறவர். அறுமீனில் ஒன்றான மெரோப்பிக்குத் தெற்கே, கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. முதலில் வால்வெள்ளி என்றே நினைத்தார். மறுநாளும் அங்கேயே இருந்தது. செய்தி பரவியதும் அவரைவிடப் பெரிய கருவி வைத்திருந்தவர்கள் தேடினார்கள். சிலருக்குத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. நெபுலாவே கூடிக் குறைகிறதோ என்ற சந்தேகம்கூட வந்தது. சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1880-களில் புகைப்படத் தட்டுகள் வந்து கார்த்திகை முழுக்கவே மங்கிய படலம் இருப்பதைக் காட்டின.

நான்கு இன்ச்சில் தெரிந்தது பெரிய கருவியில் ஏன் தப்பியது? அந்தக் காலத்துப் பெரிய தொலைநோக்கிகளில் பார்வைப்புலம் குறுகல். அரை டிகிரி நீளத்துக்குக் கிடக்கும் படலம் புலத்தையே நிரப்பிவிடும், கரை தெரியாது. கரை தெரியாவிட்டால் பக்கத்து வானத்தோடு ஒப்பிட வழியில்லை. கோலத்துக்கு நடுவில் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு கோலம் எங்கே என்று கேட்டதுபோல. பெரிய கருவி வீண் என்று அர்த்தமில்லை. 1890 நவம்பரில் பார்னார்ட், லிக் ஆய்வகத்தின் 36 இன்ச்சைக் கொண்டு மெரோப்பியை ஒட்டியே ஒரு சிறிய நெபுலாத் துண்டைக் கண்டுபிடித்தார். அதை டெம்பலின் கருவி கண்டிருக்கவே முடியாது. எந்தப் பொருளுக்கு எந்தப் பெரிதாக்கம், எவ்வளவு கரை என்பதுதான் கேள்வி. இன்ச் அதற்குப் பிறகு வருவது.

இந்தப் படலத்துக்கும் எங்கள் ஊரான திருவண்ணாமலைக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. கார்த்திகை தீபம் என்பதே முழுநிலா கார்த்திகை மீன்கூட்டத்தை நெருங்கும் நாளை ஒட்டி வருவது. அகநானூற்றின் 141-ஆம் பாடலும் நிலா நிறைந்து அறுமீனைச் சேரும் இரவைத்தான் விளக்கிடும் இரவாகச் சொல்கிறது. லட்சக்கணக்கானவர்கள் மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பும் அந்த இரவில், தீபத்துக்குப் பெயர் தந்த மீன்கூட்டம் நிலவொளியில் மூழ்கிக் கிடக்கும். நெபுலாவைப் பார்க்க ஆண்டிலேயே மோசமான இரவுகளில் ஒன்று அது. மகாதீபம் பதினோரு நாள் எரியும். அது முடிந்து ஏறக்குறைய நான்கு நாளில் அமாவாசை. அன்றைக்குக் கார்த்திகை எங்கள் தலைக்கு மேல், உச்சியிலிருந்து சுமார் 12 டிகிரி வடக்கே வந்து நிற்கும்.

அப்படி ஒரு இரவில் எதிர்வீட்டுப் பையன் மாடிக்கு வந்தான். பத்தாம் வகுப்பு. நெபுலா என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. இருட்டில் இருபது நிமிடம் உட்காரவைத்து, கார்த்திகையைப் புலத்தில் கொண்டுவந்து, “என்ன தெரியுதோ வரை” என்று அட்டையும் பென்சிலும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, லென்ஸ்ல அழுக்கு இருக்கு. இந்த ஒரு ஸ்டார்கிட்ட மட்டும்” என்றான். குழாயை மெல்லத் தட்டச் சொன்னேன். அழுக்கு நட்சத்திரத்தோடு சேர்ந்து நகர்ந்தது. லென்ஸ் அழுக்கு அப்படி நகராது. பிறகு ரோகிணிக்குப் பக்கத்தில் அதே அளவு வெளிச்சமுள்ள மீன்களுக்குத் திருப்பினேன். ஐபீஸில் பனி படிந்திருந்தால் அங்கேயும் ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம் வந்திருக்க வேண்டும். எல்லாம் சுத்தமான புள்ளிகள். அவன் வரைந்த தாளில் மங்கல் மெரோப்பிக்குத் தெற்கே மட்டும் இருந்தது.

மனப்பிரமை என்பவர்களுக்கு என் பதில் அந்தத் தாள். அவர்கள் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கல்யாண மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்குப் புரோகிதர் கூரையைக் காட்டி “அருந்ததி தெரியறதா?” என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் “தெரியறது” என்கிறார்கள். வானப் பார்வையிலும் இந்த ஆட்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து, படத்தில் இருந்ததையெல்லாம் ஐபீஸில் கண்டதாகச் சத்தியம் செய்பவர்கள். ஆனால் அருந்ததி பொய்யா? இரவில் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரின் பக்கத்திலேயே நிற்கிறது. முதலில் பக்கத்துப் பெரிய மீனைக் காட்டி, அங்கிருந்து சின்னதற்குக் கண்ணை நகர்த்துவதற்கு ‘ஸ்தூல அருந்ததி நியாயம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தப்பு கண்ணில் இல்லை. பகலில், கூரைக்குக் கீழே, விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்பதில் இருக்கிறது.

கண்ணால் பிரகாசத்தை மதிப்பிடுவதற்கு முறைகளும் உண்டு. வால்வெள்ளி பார்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது: மங்கல் உருண்டையைக் கூர்மையாகக் குவித்துப் பார்த்து, அதன் அளவையும் வெளிச்சத்தையும் மனத்தில் ஏற்றிக்கொள்வது. பிறகு மேக்னிட்யூட் தெரிந்த நட்சத்திரத்துக்குத் திருப்பி, அது அதே அளவு உருண்டையாக உப்பும்வரை குவியத்தைக் கலைப்பது. இது பிரகாசமா, அது பிரகாசமா? கொஞ்சம் கூடுதலான ஒரு நட்சத்திரம், கொஞ்சம் குறைந்த ஒன்று, நடுவில் நம் பொருள். தங்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பக்கத்தில் தெரிந்த மாற்றின் கோட்டை இழுத்துப் பார்க்கும் ஆசாரியும் இதைத்தான் செய்கிறார். எம்57 போன்ற சிறிய நெபுலாவுக்கு இது அப்படியே பொருந்தும். கண்ணை நேராக வைக்காமல் கடைக்கண்ணால் பார்க்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. இருவர் மதிப்பீட்டுக்கு இடையே அரை மேக்னிட்யூட்வரை வித்தியாசம் வரலாம். வரட்டும். பலர் பல இரவு எழுதிவைத்தால் அந்த வித்தியாசம் தானாக அடங்கும்.

இதை அலட்சியம் செய்பவர்கள் கையிலுள்ள ஆப் எந்த அளவுகோலில் எண் காட்டுகிறது என்று ஒருமுறை யோசிக்கலாம். ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு, ஒரு மேக்னிட்யூட் என்றால் 2.512 மடங்கு என்ற கணக்கை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்ஸன். அவர் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து, 1891-ல் அங்கேயே இறந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். வங்காளத்தில் ராதா கோவிந்த சந்திரா, கருவூலக் குமாஸ்தா, சின்ன டெலஸ்கோப்பில் தொடங்கி மாறொளி மீன்களை 37,000 தடவைக்கு மேல் மதிப்பிட்டு அமெரிக்காவிலிருந்த ஒரு வானியல் சங்கத்துக்கு அனுப்பினார். எல்லாம் கண் மதிப்பீடு. பிரமை என்று யாரும் குப்பையில் போடவில்லை.

கேமராக்காரர்களோடு எனக்குப் பகையில்லை. முறையாக அளவுதிருத்திய சென்சார் கண்ணைவிட நன்றாக அளக்கும், சந்தேகமே வேண்டாம். காவலூரில் அளக்கிறவர்களும் நெபுலாவின் ஒளியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வெற்று வானத்தின் ஒளியை அதிலிருந்து கழிக்கிறார்கள். என் மாடியில் கண் செய்கிற அதே ஒப்பீடு, துல்லியமாக. ஆனால் ஸ்மார்ட் டெலஸ்கோப் பத்து நிமிடம் அடுக்கிச் சேர்த்து, இருட்டை இழுத்து விரித்து, சிவப்பைக் கூட்டிப் போனில் காட்டும் படம் பிரகாசத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதில் எம்57-ம் ஹீலிக்ஸும் ஒரே மாதிரி ஜொலிக்கும். கலிஃபோர்னியா நெபுலா படத்தில் நெருப்பாக எரியும். ஐபீஸில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அதன் ஒளியில் பெரும்பங்கு 656 நானோமீட்டர் சிவப்பு. இருளில் வேலை செய்யும் நம் கோல் செல்களுக்கு 500-ஐ ஒட்டிய பச்சைதான் பிடிக்கும். படத்தைப் பார்த்துவிட்டு ஐபீஸுக்கு வந்தவர்தான் “இவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப்போகிறவர். அடுத்த வாரம் அவர் பெரிய இன்ச்சுக்கு விலை விசாரிப்பார். நெபுலாவைப் ‘பிரகாசமாக்கும்’ ஃபில்டருக்கும் விசாரிப்பார். ஃபில்டர் எதையும் பிரகாசமாக்காது. ஹீலிக்ஸ் போன்றவற்றின் ஆக்சிஜன் பச்சையை மட்டும் விட்டுவிட்டு வானத்தைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். தரைக்குச் சாணம் தெளிக்கிற வேலை. நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் மெரோப்பிப் படலத்துக்கு அதுகூட உதவாது.

ஆகவே காசு செலவழிப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். எங்கள் ஊரில் கோபுரங்களுக்கு ஒளிவிளக்கு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் கம்பங்கள், சந்திப்புக்குச் சந்திப்பு ஹைமாஸ்ட். பௌர்ணமி இரவில் நடக்கிறவர்களுக்கு அவை வேண்டும், அதில் வாதமில்லை. மலைக்குக் கிழக்கே ஊர் இருப்பதால் மேற்கே அடி அண்ணாமலைப் பக்கம் போனால் மலையே மறைப்பாக நின்று ஊர் வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும். ஜவ்வாது மலைக்குப் போக ஒரு பஸ் டிக்கெட் போதும். கூடுதல் நான்கு இன்ச்சின் விலையோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்கள் சொந்த மாடி பல்பை அணைத்துவிட்டு, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஐபீஸில் குனியலாம். பக்கத்து மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

தீபம் முடிந்து வரும் அமாவாசையன்று எங்கள் மாடி திறந்திருக்கும். வருகிறவர்கள் செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். முதலில் வரையுங்கள். எத்தனை இன்ச் என்று இறங்கிப்போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.